வாளியக்கா சொன்ன நல்ல வார்த்தை

வாளியக்காவுக்கு அவள் அப்பா ஆசை ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருக்கிறது. வயிற்றுப்போக்கு ஆராய்ச்சி வார்டில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். பெரிய டாக்டரிலிருந்து நேற்று வந்து சேர்ந்த குழந்தையின் அம்மா வரைக்கும் எல்லோருக்கும் அவள் வாளியக்காதான்.

ஆராய்ச்சி என்றால் கண்ணாடிக் குழாயும் நுண்ணோக்கியும் என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். அவையெல்லாம் மாடியில் இருந்தன. எந்தக் கிருமி, எந்தத் தண்ணீரில் வந்தது என்று அங்கே பார்த்தார்கள். கீழே வார்டில் நடந்த ஆராய்ச்சிக்கு வேண்டியது ஒரு கட்டில், ஒரு வாளி, ஒரு தராசு, முகம் சுளிக்காத ஓர் ஆள். அந்தக் கடைசிச் சாமான் கிடைப்பதுதான் குதிரைக் கொம்பாக இருந்தது. வந்தவர்களில் பாதிப் பேர் முதல் நாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனவர்கள் போனவர்கள்தான். வாளியக்காவும் முதல் நாள் வாந்தி எடுத்தாள். எடுத்துவிட்டு வாயைக் கொப்பளித்து, மறுபடி உள்ளே வந்தாள்.

கட்டில்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றின் நடுவிலும் வட்டமாக ஓர் ஓட்டை. மேலே விரித்த ரப்பர் விரிப்பிலும் அதே இடத்தில் ஓட்டை. குழந்தையை அதன்மேல் படுக்கவைத்தால் போவதெல்லாம் நேராகக் கீழே இருக்கும் வாளிக்குள் இறங்கும். முதல் தடவை பார்க்கிறவர்கள், கட்டில் உடைந்திருக்கிறது, மாற்றிக் கொடுங்கள் என்று சண்டைக்கு வருவார்கள். குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு தடவை வாளியக்கா தள்ளுவண்டியில் தராசோடு வருவாள். வாளியைத் தூக்கி வைத்து எடை பார்த்து, காலி வாளியின் எடையைக் கழித்துச் சொல்வாள். அப்புறம் அதைக் கொண்டுபோய் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கொட்டிவிட்டு, வாளியைக் கழுவித் திரும்பக் கொண்டுவந்து வைப்பாள்.

இந்த ஆராய்ச்சியில் ஆண் குழந்தைகளைத்தான் சேர்த்தார்கள். சிறுநீர் கலந்துவிட்டால் எடை தப்பாகிவிடும்; பையன்களுக்குத்தான் அதைத் தனியே பிடிக்கப் பை கட்டிவிட முடியும். பெண் குழந்தைகள் அடுத்த வார்டில், பையன்களுக்குக் கொடுத்த அதே உப்புச் சர்க்கரைத் தண்ணீரைக் குடித்துவிட்டு, யாரும் அளக்காமலே பிழைத்துப் போனார்கள். உலகத்தில் பெண் பிள்ளைகளைக் கண்டுகொள்ளாமல் விட்டதால் விளைந்த நன்மை இது ஒன்றாகத்தான் இருக்கும்.

எடை பார்ப்பது ஆராய்ச்சிக்காக மட்டுமில்லை. எவ்வளவு வெளியே போனதோ அவ்வளவும் உள்ளே போக வேண்டும், அதுதான் வைத்தியம். வாளியக்கா எடையைச் சொன்னதும் நர்ஸ் அதே அளவுக்கு அந்த உப்புச் சர்க்கரைத் தண்ணீரை ஜாடியில் ஊற்றித் தாயிடம் கொடுப்பாள். தாய் அதைக் கரண்டி கரண்டியாகப் புகட்ட வேண்டும். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம், பொறுமை வேண்டும். வாளியக்காவுக்கு இந்தக் கணக்கில் ஒரு வெறியே இருந்தது. அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது அவளுடைய தம்பி வயிற்றுப்போக்கில்தான் செத்துப்போனான். தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று தெருவே சொன்னது, அம்மா கொடுக்கவில்லை. அவன் உதட்டை நக்கிக்கொண்டே கிடந்தான். அம்மா கெட்டவள் இல்லை. எல்லோரும் சொன்னதைச் செய்தாள், அவ்வளவுதான். அதற்கப்புறம் பிறந்தவள்தான் தங்கை.

வார்டின் ஆராய்ச்சி டாக்டர் ஓர் அம்மையார். எப்போதும் கோட்டுப் பையில் ஒரு கரண்டி வைத்திருப்பார். கரைத்து வைத்த தண்ணீரை ஒரு கரண்டி வாயில் விட்டுப் பார்ப்பார், கண்ணீரைவிடக் கரிக்கிறதா என்று. கரித்தால் அத்தனையும் கொட்டப்படும். அதனால் அவருக்குக் கரண்டி டாக்டர் என்று பெயர். அது அவருக்கும் தெரியும். அப்போது அவர் தண்ணீரில் கரைக்கிற இரண்டு வகைப் பொடியை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். பழைய பொடியில் உப்பும் சர்க்கரையும் சற்றுக் கூடுதல், புதிய பொடியில் குறைவு. புதியதைக் குடிக்கும் குழந்தைகளுக்குப் போக்கு குறைகிறதா என்பதுதான் கேள்வி. பாக்கெட்டின்மேல் வட்ட முத்திரை, சதுர முத்திரை. எது புதியது என்று வார்டில் ஒருவருக்கும் தெரியாது, கரண்டி டாக்டருக்கும் தெரியாது. வாளிகள்தான் பதில் சொல்ல வேண்டும்.

வாளிகளுக்கு வாய் இல்லை. வாளியக்காவுக்கு இருந்தது. அதுதான் வினையாகப் போயிற்று.

அவள் சுபாவம் அப்படி. எடை குறைந்திருந்தால் முகமெல்லாம் பல்லாகிவிடும். "நல்லது, நல்லது! குறைஞ்சிருக்கே! கெட்டிக்காரப் பையன்டா நீ!" என்று அடுத்த கட்டிலுக்குக் கேட்கிறமாதிரி சொல்லுவாள். கூடியிருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டாள், "ம்..." என்பாள். அந்த "ம்" போதும், தாயின் முகம் பரீட்சையில் கோட்டைவிட்ட பிள்ளையின் முகம்போல ஆகிவிடும். தூக்கமில்லாமல், தலை வாராமல், எந்நேரமும் கரண்டியும் கையுமாக உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு நாள் முழுவதும் கிடைக்கிற ஒரே நல்ல வார்த்தை அது. அவர்கள் வாளியக்காவின் வண்டிச் சத்தம் கேட்டாலே நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே தவளை கெட்டது மட்டுமில்லை.

வாளியக்காவுக்கும் அவள் தங்கைக்கும் பேச்சுவார்த்தை அறுந்துபோகவில்லை, நைந்துபோயிருந்தது. தங்கை வாக்கப்பட்ட இடம் கொஞ்சம் பசையான இடம். துணிக்கடை. அக்கா என்ன வேலை செய்கிறாள் என்று மாமியார் கேட்டபோது "ஆஸ்பத்திரி ஆபீஸ்ல" என்று தங்கை சொல்லி வைத்திருந்தாள். சொன்னது பொய்யாகிவிடக் கூடாதே என்று, அக்கா அந்த வீட்டுப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டாள். லாரி மெக்கானிக்கான வாளியக்காவின் புருஷனுக்கு இதில் கோபம். "உன் கையில சோப்பு வாசனை, என் கையில கிரீஸ் வாசனை. அவங்க வீட்டுல மட்டும் என்ன, பிள்ளைங்க பன்னீரா போகுது?" என்பான். வாளியக்கா சிரித்துவிட்டு விட்டுவிடுவாள். சிரித்தாளே தவிர, அவளுக்கு வலித்தது.

அந்தத் தங்கை ஒரு காலைவேளையில் குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வார்டு வாசலில் வந்து நின்றாள். ஒன்றரை வயதுப் பையன். இரண்டு நாளாகத் தண்ணீராகப் போகிறது. மருந்துக்கடைக்காரர் கொடுத்தது, தெரிந்தவர் சொன்னது, எல்லாம் ஆயிற்று.

"அக்கா, தெரியாத இடத்துக்குப் போக பயமா இருந்துச்சு. நீ இருக்கேன்னு வந்தேன்."

"வந்துட்ட இல்ல, விடு. குடிக்கிறானா? குடிக்கிறான்னா பொழைச்சான்."

டாக்டர் பார்த்தார். குடிக்கிறான். தங்கையிடம் ஆராய்ச்சியைப் பற்றி விளக்கிச் சொல்லி, சம்மதம் கேட்டு, வட்ட முத்திரைப் பாக்கெட்டில் சேர்த்தார்கள். வாளியக்கா தங்கைக்கு எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்தாள்: ஓட்டையின்மேல் எப்படிப் படுக்கவைப்பது, பையை எப்படிக் கட்டுவது, வாந்தி எடுத்தால் சற்றுப் பொறுத்து மறுபடி எப்படிக் கொடுப்பது. ஒன்றை மட்டும் சொல்லவில்லை. வாளியில் இருப்பதை வைத்துத்தான் ஜாடியில் எவ்வளவு என்று முடிவாகிறது என்பதை. அது எல்லோருக்கும் தெரியும் என்று அவள் நினைத்திருந்தாள். எல்லோருக்கும் என்றால், வேலை செய்கிற எல்லோருக்கும்.

முதல் தடவை எடை பார்த்தபோது வாளி கனமாக இருந்தது. வாளியக்கா அதை இரண்டு கையாலும் தூக்கி வண்டியில் வைத்ததைத் தங்கை பார்த்தாள். சின்ன வயதில் தன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு அலைந்த அக்கா. இப்போது தன் பிள்ளையின் கழிவைச் சுமந்துகொண்டு ஒரு கூடம் முழுக்க நடக்கிறாள். தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் மாமியார் வேறு வரப்போகிறார்.

அடுத்த தடவை வாளி இலேசாக இருந்தது. அதற்கடுத்த தடவை இன்னும் இலேசு.

"நல்லது, நல்லது!" என்றாள் வாளியக்கா. வேறு குழந்தைக்குச் சொன்னதைவிட இதைக் கொஞ்சம் கூடுதலாகவே சத்தம் போட்டுச் சொன்னாள். "பெரியம்மா பேரைக் காப்பாத்திட்டடா!" நர்ஸ் இலேசான வாளிக்கேற்ற இலேசான ஜாடியைக் கொடுத்தாள். பையன் அதை ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கரண்டியைப் பிடித்து இழுத்தான். இன்னும் கேட்கிறான், பசி வந்துவிட்டது, நல்ல அறிகுறி என்று எல்லோரும் சொன்னார்கள். அவன் கேட்டது தாகத்துக்கு.

மறுநாள் காலையில் வாளியக்கா வேலைக்கு வந்தபோது பையன் கரண்டியை இழுக்கவில்லை. தலையைத் தோளில் போட்டுக்கொண்டு கிடந்தான். கண் உள்ளே போயிருந்தது. அழுதான், கண்ணீர் வரவில்லை. வாளியக்கா அவன் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளி விட்டுப் பார்த்தாள். தோல் உடனே படியவில்லை, கிள்ளின இடத்திலேயே மடிந்து நின்று மெதுவாக இறங்கியது. ஓடிப்போய்க் கரண்டி டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

குழந்தையைத் தராசில் வைத்தார்கள். சேர்த்தபோது இருந்ததைவிட எடை இறங்கியிருந்தது.

கரண்டி டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "போனது கொஞ்சம். கொடுத்தது அதே அளவு. எடை ஏன் இறங்குது? வேற என்னமோ இருக்கு." நர்ஸைப் பார்த்து, "டிரிப் போடுங்க. இரத்தமும் எடுங்க, கிட்னி பார்க்கணும்" என்றார். காய்ந்துபோன குழந்தைக்கு நரம்பு கிடைப்பது சாமானியமில்லை. நர்ஸ் கையில் குத்தினாள், காலில் குத்தினாள். தங்கை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பொடிதான் சரியில்லையோ," என்றார் டாக்டர், பாதி தனக்குத்தானே. "கொஞ்ச நாளாவே பார்க்கிறேன். வாளியைப் பார்த்தா பிள்ளைங்க தேறிட்டாங்க. பிள்ளையைப் பார்த்தா அப்படித் தெரியல." பிறகு வாளியக்காவைப் பார்த்தார். "கேக்கிறேன்னு தப்பா நினைக்காதீங்க. எடையெல்லாம் சரியாத்தானே பார்த்தீங்க?"

இத்தனை வருஷத்தில் அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை. வாளியக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"என் தராசு பொய் சொல்லாது டாக்டர். என் தங்கச்சி பிள்ளைக்கா நான் தப்பா பார்ப்பேன்?"

"தராசு பொய் சொல்லல," என்றாள் தங்கை, சுவரைப் பார்த்தபடியே. "நான்தான் பாதியைக் கழிவறையில கொட்டிட்டேன்."

யாருக்கும் முதலில் விளங்கவில்லை. டாக்டர்தான், "என்னம்மா சொல்றீங்க?" என்று கேட்டார்.

"அக்கா வண்டி வர்ற சத்தம் கேட்டதும் வாளியை எடுத்துட்டுப்போயி பாதியைக் கொட்டிட்டு வெச்சிடுவேன். அக்கா தூக்கிட்டுப் போறதைப் பார்க்க முடியல. அத்தை வேற வருவாங்க... கொஞ்சமா இருந்தா அக்காவும் சந்தோஷப்பட்டா. நல்லதுன்னு சொன்னா."

வெட்கத்தில் செய்தாளா பாசத்தில் செய்தாளா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. அடித்துவிடுவோமோ என்று வாளியக்காவே பயந்து கையைக் கட்டிக்கொண்டாள்.

"அடிப்பாவி, நான் தூக்குறதுதான்டி அவன் குடிக்கிற தண்ணி! நான் எவ்வளவு தூக்கினேனோ அவ்வளவுதான் உனக்கு ஜாடியில ஊத்துவாங்க! நீ கொட்டினது அழுக்கு இல்லடி, அவன் பங்கு!"

தங்கைக்கு அப்போதுதான் விளங்கியது. அவள் கத்தவில்லை, தரையில் உட்கார்ந்துவிட்டாள். நல்லவேளையாக அந்த நேரத்தில் நர்ஸுக்கு நரம்பு அகப்பட்டது.

டிரிப் இறங்கிக்கொண்டிருந்தது. கரண்டி டாக்டர் கட்டில் கட்டிலாகப் பார்த்தார். பார்த்துவிட்டு, யாரையும் குறிப்பிடாமல், கோபமில்லாமல் கேட்டார்.

"வேற யாராவது இப்படிச் செஞ்சீங்களா? திட்ட மாட்டேன். தெரியணும்."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். முதலில் ஒருத்தி வாயைத் திறந்தாள். பிள்ளை முக்கும்போது தூக்கிக்கொண்டு போய் வெளியே இருக்க வைத்தாளாம். குறைந்தால் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று நினைத்தாளாம். அடுத்தவள் துணியில் ஏந்தித் துணியை அலசிவிட்டாளாம். "பக்கத்துக் கட்டில் பிள்ளைக்கு மட்டும் நல்லதுன்னு சொன்னாங்க. எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு," என்றாள் மூன்றாமவள். போன வாரம் வீட்டுக்குப் போனவள்தான் தனக்குச் சொல்லிக்கொடுத்தாள் என்றாள் இன்னொருத்தி. இது வார்டில் தாய்க்குத் தாய் கைமாறி வந்திருந்த வித்தை. ஒருத்திக்கும் கெட்ட எண்ணமில்லை. மற்றப் பிள்ளைகள் தப்பித்ததற்குக் காரணம், அவர்கள் கொட்டியது கொஞ்சம், தங்கை கொட்டியது பாதி.

கரண்டி டாக்டர் காலியாக இருந்த ஒரு கட்டிலில் உட்கார்ந்தார்; நடுவில் ஓட்டை இருப்பது ஞாபகம் வந்து ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. வட்டமோ சதுரமோ, இந்தப் பருவம் முழுக்கப் பார்த்த எடைகளில் எது நிஜம், எது பாதி என்று இனி ஒருவராலும் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

"என்னாலதான்," என்றாள் வாளியக்கா.

"உங்களாலதான்," என்றார் டாக்டர். அவருக்குச் சமாதானம் சொல்லத் தெரியாது. "எனக்கும் பங்கு இருக்கு. பொடி யாருக்கும் தெரியக்கூடாதுன்னு முத்திரை குத்தினேன். உங்க முகத்துக்கு முத்திரை குத்தணும்னு தோணல." பிறகு, "இனிமே எடையை மட்டும் சொல்லுங்க. நல்லதும் வேண்டாம், கெட்டதும் வேண்டாம், 'ம்'மும் வேண்டாம்" என்றார்.

அன்றைக்கே ஒவ்வொரு தாயையும் உட்காரவைத்து, வாளிக்கும் ஜாடிக்கும் உள்ள உறவை வாளியக்காவே சொல்லிக்கொடுத்தாள். கனமான வாளி கெட்ட பிள்ளை இல்லை, தண்ணீர் கூடுதலாக வேண்டிய பிள்ளை, அவ்வளவுதான் என்றாள். சொல்லும்போது ஒருத்தியின் முகத்தையும் அவளால் நேராகப் பார்க்க முடியவில்லை. அதற்கப்புறம் அவள் வாயைக் கட்டிக்கொண்டாள். பேசிப் பழகினவளுக்கு அது வாளி தூக்குவதைவிடப் பெரிய பாரமாக இருந்தது. தாய்மார்கள் ஏக்கத்தோடு பார்த்தார்கள். வாளியக்காவுக்குத் திமிர் வந்துவிட்டது என்றுகூட ஒருத்தி முணுமுணுத்தாள். வாளியக்கா அது காதில் விழுந்தும் விழாததுபோல் போய்விட்டாள்.

தங்கையின் பையன் அன்று முழுவதும் கிடந்தான். ஆராய்ச்சியில் அவன் இனி இல்லை. ஆனாலும் வாளியை வைத்துத்தான் அவனுக்குத் தண்ணீர் என்பதால் எடை பார்ப்பது நிற்கவில்லை. மறுநாள் டிரிப்பை எடுத்துவிட்டு மறுபடி கரண்டிக்கு மாற்றினார்கள். வாளி கனமாகவே வந்தது, ஜாடியும் கனமாகவே போனது. தங்கை ஒரு சொட்டுச் சிந்தாமல் புகட்டினாள்.

அதற்கும் அடுத்த நாள் பார்வையாளர் நேரம். மாமியார் நாற்காலியில் சேலை நுனியை மூக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வண்டிச் சத்தம் கேட்டது. வாளியக்கா கட்டிலுக்கு வரும் முன்பே தங்கை குனிந்து வாளியை வெளியே எடுத்தாள். மாமியார் முன்னாலேயே அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய்த் தராசில் வைத்தாள்.

"அத்தை, எங்க அக்காதான் இங்க எடை பார்க்கிறவங்க. ஆபீஸ்ல இல்ல."

மாமியார் சேலை நுனியை எடுக்கவில்லை. "அப்படியா," என்றார்.

வாளியக்கா தராசைப் பார்த்தாள். வாளிக்குள் ஏதோ கொஞ்சம் கிடந்தது, அதுவும் கூழ்போல இறுகி. கட்டிலில் பையன் உட்கார்ந்துகொண்டு, கரண்டி வேண்டாம் என்று தலையைத் திருப்பி, பாட்டியின் கைப்பையைத் திறக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். காலையில் அவன் எடை ஏறியிருந்ததையும் அவள் பார்த்திருந்தாள். வாளியும் பிள்ளையும் ஒரே சொல்லைச் சொன்னார்கள்.

வாளியக்கா எடையைச் சொன்னாள். நர்ஸ் குறித்துக்கொண்டாள்.

"அக்கா," என்றாள் தங்கை. "நல்லதா?"

வார்டு முழுக்கக் கரண்டிகள் நின்றுவிட்டன. அத்தனை தாய்மாரும் வாளியக்காவின் முகத்தைப் பார்த்தார்கள். அவள் அதே எடையை இன்னொரு தடவை சொன்னாள், ரேஷன் கடைக்காரன் சொல்வதுபோல. வாளியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். தங்கை பின்னாலேயே போனாள்.

கழுவுமிடத்தில் வாளியக்கா கையுறையைக் கழற்றிப் போட்டாள். குழாயை முழுதாகத் திறந்துவிட்டாள். தண்ணீர் தொட்டியில் விழும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவளுக்கே பேச்சு சரியாகக் கேட்காது.

"நல்லதுடி," என்றாள். சொன்னதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "போயிருப்பான்டி. நான் நல்லது நல்லதுன்னு சொல்லிட்டே இருந்திருப்பேன், அவன் போயிருப்பான்."

தங்கையும் அழுதாள். அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு, "உள்ள வந்து ஒரு தடவ சொல்லுக்கா. அத்தைக்கும் கேக்கட்டும்" என்றாள்.

"மாட்டேன். உள்ள மத்த பிள்ளைங்க இருக்காங்க."

குழாயை மூடினாள். வேறு கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு, முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு, அடுத்த கட்டிலுக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.